ஓரத்தில் எழுதிய வரி

நான் எழுதும் கடிதங்களில் சொல்ல வேண்டிய விஷயம் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதத் தெரியும். ஆனால் என் கடிதத்தை ஊரில் ஒருவர் சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள் என்று நினைத்தாலே கை ஓடாது. அதனால் தாளின் நடுவில் எல்லோருக்கும் பொதுவானதை எழுதுவேன். இவ்விடம் நலம், இங்கே வெயில் அதிகம், பூண்டு விலை இறங்கிவிட்டது. பிறகு தாளைத் திருப்பி, இடது ஓரத்தில் எறும்பு ஊர்வது போல் சின்ன எழுத்தில் என் மனைவிக்கு ஒரு வரி எழுதுவேன். வாசிக்கிறவர் கவனிக்காமல் விட்டுவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவர் விட்டுவிட்டால் அவளுக்கும் தெரியாமல் போய்விடுமே என்பது எனக்கு வெகுநாள் தோன்றவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஆனால் எங்கள் ஊர் மன்னவனூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எதையும் விடுகிற ஆள் இல்லை. "இருங்க இருங்க, ஓரத்துல ஒண்ணு கெடக்கு" என்று தாளைச் சுழற்றுவாராம். ஒருமுறை "கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கியிருக்கிறேன், கைக்குச் சரியாக இருக்குமா தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன். அதை அவர் பாட்டு மாதிரி இழுத்து வாசித்தாராம். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில், என் மனைவி ஆட்டுக்குட்டியைத் தேடுகிறவள் போல் பின்பக்கம் போனவள், பொழுது சாயும்வரை முன்பக்கம் வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்றாவது வருடம். ஐம்பதுகளின் கடைசி.

மலையில் பூண்டு எடுத்து முடிந்ததும் எங்கள் ஊர் ஆட்கள் சிலர் கீழே வேலைக்குப் போவது வழக்கம். நானும் என் அக்காவின் கணவரும் மதுரையில் ஒரு பூண்டு மண்டிக்கு மூட்டை தூக்கப் போவோம். மச்சான் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, வழியில் போகிறவனைக் கேலியும் பேசிக்கொண்டு நடக்கக்கூடியவர். ஒரு மூட்டைக்கே எனக்கு மூச்சு வாங்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் மூட்டைகளில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுதும் வேலை மட்டும் எனக்கு வந்தது. அதற்கு ஒரு காப்பிங் பென்சில் வைத்திருப்பேன். எழுதும்போது சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் பளிச்சென்று ஊதாவாகிவிடும். சாக்கில் பதிவதற்காக நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி என் நாக்கு எந்நேரமும் ஊதாவாக இருக்கும். ஊரிலும் அப்படித்தான். குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சாக்கிலும் நான் எழுதுவேன், என் மனைவி கோணூசியால் வாயைத் தைப்பாள். அந்த மூன்று வருடத்தில் என் கையெழுத்து பட்ட நூற்றுக்கணக்கான சாக்குகளை அவள் தைத்திருப்பாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலையில் மண்டிக்குப் பின்புறம் வெறுஞ்சாக்கு அடுக்கியிருந்த கொட்டகையில் தீப் பிடித்தது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பேட்டை முழுக்கத் தென்னங்கீற்றும் பனை ஓலையும் வேய்ந்த கூரைகள். காற்று வேறு. நாங்கள் தண்ணீர் எடுக்க ஓடித் திரும்புவதற்குள் எதிர்வரிசையும் பற்றிக்கொண்டது. பூண்டுக் கிடங்கு எரிந்தபோது முதலில் வந்த வாசம் சமையல் வாசம். யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்பது போல. உண்மையைச் சொன்னால் எனக்குப் பசித்தது. பிறகு அந்த வாசமே கண்ணைக் கரித்தது, மூச்சை அடைத்தது.

ஊர் மொத்தமும் வைகை மணலுக்கு ஓடியது. கட்டில், அம்மி, தையல் மிஷின், கோழிக்கூடு, சாமிப் படம் என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மாள் வேறு எதையும் எடுக்காமல் ஒரு பெரிய குண்டானை மட்டும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். வந்த கையோடு மணலில் ஊற்றுத் தோண்டி, மூன்று கல் கூட்டி, யார் யாரிடமோ அரிசி வாங்கிக் கஞ்சி வைக்கத் தொடங்கிவிட்டாள். அவள் வீடும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நானும் மச்சானும் கரையை அடைந்தபோது அவர் திடீரென்று நின்றார்.

"மாப்ள, வண்டி மாடு ஆறும் கட்டுத்தறியிலேயே கெடக்குலே."

"வண்டிக்காரங்க அவுத்துருப்பாங்க மச்சான்."

"அவுங்க காலையிலேயே டேசனுக்குப் போயிட்டாங்க. நாந்தான கண்ணால பாத்தேன். அதுக அவுத்துக்கிட்டா ஓடி வரும்?"

"நானும் வரேன்."

"நீ வந்தா ஒன்னையும் சேத்து ஏழா ஓட்டணும். ஆத்துல நில்லு. வெரசா வந்துருவேன்."

துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு புகைக்குள் போனார். அந்த முதுகைத்தான் அன்று முழுக்க நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆயிற்று. அவர் வரவில்லை. மூன்று முறை தேடிப் போனேன். மூன்று முறையும் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பொழுது இறங்கத் தொடங்கியபோது என் சட்டைப் பையில் ஒரு நீல இன்லண்டு லெட்டர் இருப்பது ஞாபகம் வந்தது. கடிதம் எழுதுவதென்றால் விலாசத்தைத்தான் நான் முதலில் எழுதுவேன். அது ஒன்றுதான் தயங்காமல் வரும். முதல்நாளே விலாசம் மட்டும் எழுதி, உள்ளே எழுதுவதற்கு ஒன்றும் தோன்றாமல் மடித்து வைத்திருந்தேன்.

தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்கள் மூலம் இரண்டு நாளில் சேதி மலைக்கு ஏறிவிடும் என்று தெரியும். மதுரை எரிகிறது என்று மட்டும் கேள்விப்பட்டு, எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவர்கள் தவிக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மணலில் முட்டிபோட்டு, யாரோ வைத்துவிட்டுப் போன அம்மியின் மேல் தாளை விரித்தேன். பழக்க தோஷத்தில் "இவ்விடம் நலம்" என்று எழுதிவிட்டேன். அந்தப் பென்சில் எழுத்தை அழிக்க முடியாது. அதற்குக் கீழே, மண்டி எரிந்துவிட்டது, நான் ஆற்று மணலில் இருக்கிறேன், காலையில் மாடு அவிழ்க்கப் போன மச்சானை இதுவரை காணவில்லை, தேடுகிறேன் என்று எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதியதால் அதற்குள் தாள் நிறைந்துவிட்டது. அனுப்ப மனம் வரவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தது. தலையிலிருந்து கால்வரை கரி. பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"என்னலே முழிக்குற? பேய்னு நெனச்சியா?"

ஓடிப்போய் மச்சானின் கையைப் பிடித்தேன்.

"மாடு ஆறும் அக்கரையில புல்லு மேயுது. ஒண்ணு மெரண்டு ரெண்டு மைல் ஓடிருச்சு, அதைப் பிடிக்குறதுக்குள்ள பொழுது போயிருச்சு. எனக்குத்தான் நேத்துலருந்து வயித்துல ஒண்ணும் இல்ல."

குண்டான் அம்மாள் ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கக் குடிக்க நான் தாளை எடுத்தேன். வேறு தாள் இல்லை. தபாலாபீஸ் எதுவும் அந்தப் பக்கம் திறந்திருக்கவில்லை. வழக்கம்போல் ஓரத்தில் எழுதினேன். "மச்சான் வந்துவிட்டார். மாடுகளும் பிழைத்தன. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். பயப்பட வேண்டாம்."

"என் பேரை எங்க எழுதியிருக்க, காட்டு" என்று மச்சான் கடிதத்தை வாங்கினார். காட்டினேன். படிக்கத் தெரிந்தவர் போல் அதை ஓரத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவரே மடித்தார், அவரே எச்சில் தொட்டு ஒட்டினார், நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்தார். ஸ்டேஷன் பக்கம் தீ வராத தெருவில் ஒரு தபால் பெட்டி இருந்தது. அதில் போட்டோம்.

எங்கள் பக்கம் துக்கக் கடிதத்துக்கு ஓரத்தில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். அப்படி வரும் கடிதத்தை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வெளியிலேயே வாசித்து, கிழித்துப் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவன் நான். ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் கை, முகம், சட்டை, மணல் எல்லாமே கரியாகக் கிடந்தபோது கடிதத்தில் இருந்த கரி மட்டும் எப்படிக் கண்ணில் படும்?

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொல்லியும், பூம்பாறைக் கடைக்காரப் பாய் சொல்லியும் தெரிந்துகொண்டது. என் மனைவி தானாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மதுரை எரிகிற சேதி குதிரைக்காரர்கள் வழியாக முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. அக்காவும் என் மனைவியும் அந்த நாட்களில் ஒரே வீட்டில் இருந்தார்கள். தபால்காரர் வாரத்துக்கு இரண்டு நாள் பூம்பாறையிலிருந்து நடந்து வருவார். அன்று வந்தவர் வாசலுக்கு வரவில்லை. முற்றத்துக் கல்லின் மேல் கடிதத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நாலு ஓரமும் கறுப்பு.

"படிச்சுச் சொல்லிட்டுப் போங்கண்ணே" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"நான் மாட்டேன் தாயி. முன்ன ஒரு வீட்டுல இப்படித்தான் படிச்சுச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுக் கெழவி என்னைக் கண்டா மண்ணை வாரித் தூத்துறா. கடுதாசி கொண்டாந்து குடுக்குறது என் சோலி. சாவு சொல்றது என் சோலி இல்ல." தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

வாத்தியார் பள்ளி விடுமுறைக்குப் பாலசமுத்திரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போயிருந்தார். ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் குதிரைகளோடு கோடைக்கானல் போயிருந்தார். மற்றவர் கறுப்பு ஓரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே, "எனக்கு இப்பக் கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே ஊசியில் நூல் கோத்ததை அக்கா பார்த்தாளாம். அதை இன்றுவரை அவரிடம் குத்திக் காட்டுவாள்.

கூடிய பெண்கள் என் மனைவியைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்கள் போயிருக்கிறார்கள்; அதில் தீக்குத் தப்பத் தெம்பில்லாதவன் நான்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். கூடப் பிறந்தவன் போய்விட்டானே என்று தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாலும், அதற்கு மேல் தன் தம்பி பெண்டாட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

என் மனைவி எழுந்து போய்க் கல்லின் மேலிருந்த கடிதத்தைக் கையில் எடுத்தாளாம்.

"தொடாதடி, தொடாத!" என்று கத்தியிருக்கிறார்கள்.

அவள் விலாசத்தைப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள்தான். ஆனால் ஊர்ப் பெயரை நான் எழுதும் வளைவு, இரண்டு ஆடுகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்பது போல் இருக்கும் என்று அவளே முன்பு என்னைக் கேலி செய்திருக்கிறாள். நூற்றுக்கணக்கான சாக்குகளில் பார்த்த அதே ஆடுகள். செத்தவன் விலாசம் எழுத மாட்டான். நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

அப்படியானால் இந்தக் கறுப்பு யாருக்கு? போனது இரண்டு பேர். அது அவளுக்கு அடுத்த நொடியில் தெரிந்துவிட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து "இது எங்க வீட்டுக்காரரு எழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முற்றத்தில் இருந்த அத்தனை முகங்களும் அவளை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பியிருக்கும். புருஷன் பிழைத்தான் என்ற சந்தோஷத்தை அடக்குவது ஒருபக்கம். தான் அழ வேண்டிய இடத்தில் அழாமல் நிற்பதற்குப் பேச்சு வாங்குவது இன்னொரு பக்கம். "கல்லு மாதிரி நிக்குறா பாரு" என்றார்களாம். "வாய்விட்டு அழுவுடி, இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும்" என்றார்களாம். அழுகை வரவில்லை, பொய்யாக அழவும் அவளுக்குத் தெரியாது. கடிதத்தைக் கொண்டுபோய், வெளிக்கூரையில் பூண்டுக் கற்றை தொங்கும் இடத்தில் செருகி வைத்தாள்.

"பூம்பாறைக்குப் போயி பாய்கிட்டப் படிக்கச் சொல்லுவோம் மதினி. படிக்காம எதையும் செய்ய வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளனே இருவரும் கிளம்பினார்கள். பூம்பாறைக்கு அரைநாள் நடை. புல்மேட்டில் ஏறி, சோலைக்குள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். வழி நெடுக அக்கா அவள் கையை விடவில்லை. அவளுடைய சேலைப் பொட்டணத்தையும் அக்காவே சுமந்தாள். ஒரு ஓடைக்கரையில் உட்கார வைத்து, அவித்த உருளைக்கிழங்கை உரித்துப் பிட்டுக் கையில் கொடுத்தாள்.

"தின்னு புள்ள. நீ படுத்துட்டா என் தம்பிக்குக் காரியம் யாரு செய்யிறது?"

அவள் வாங்கித் தின்றாள்.

"ஒன்னை நான் விட்டுருவேன்னு நெனைக்காத. நீ ஒங்காத்தா வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். மச்சான் வரட்டும், நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு கூரை எறக்கச் சொல்றேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா வச்சுக் காப்பாத்த மாட்டேனா?"

"சரி மதினி" என்றாளாம் என் மனைவி.

இந்த இடத்தைச் சொல்லும்போது அக்காவுக்கு இப்போதும் குரல் மாறிவிடும். "மச்சான் வரட்டும், மச்சான் வரட்டும்னு நான் சொல்லிக்கிட்டே வரேன்டா. ஒவ்வொரு தடவையும் சரி மதினி, சரி மதினிங்குறா. எனக்குச் செய்ய வேண்டிய ஆறுதலை நான் அவளுக்குச் செஞ்சுக்கிட்டு வரேன்னு நெனச்சுக்கிட்டே, அதை வாங்கிக்கிட்டு நடந்து வந்திருக்கா. எம்புட்டு தூரம்!"

பாய் பூம்பாறையில் அரிசி, எண்ணெய், துணி எல்லாம் விற்பார். எங்கள் பூண்டையும் அவர்தான் எடுத்து அனுப்புவார். என்னையும் மச்சானையும் நன்றாகத் தெரியும். துக்கக் கடிதத்தோடு கடைக்குள் ஏறக் கூடாது என்று இவர்கள் வெயிலிலேயே நின்றார்கள். அவர் டீக்கிளாஸைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"என்ன தாயி, கடை வாசல்ல வந்து யாரோ மாதிரி நிக்குறீங்க?"

என் மனைவி கடிதத்தை நீட்டினாள். கறுப்பைப் பார்த்ததும் பாய் முகம் சுருங்கியது. வாங்கித் திருப்பினார். உடனே முகம் விரிந்தது.

"அட, இது நம்ம மாப்ள எழுத்துல்ல? மூட்டை மூட்டையாப் பாத்திருக்கேனே! செத்தவனா தாயி வெலாசம் எழுதுவான்?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் அக்காவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"ஏ புள்ள. இது அவன் எழுத்தா?"

என் மனைவி கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு நேத்தே தெரியுமா?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் கையை விட்டாள். பிறகு தானே மறுபடி பிடித்துக்கொண்டாள். "படிங்கண்ணே" என்றாள். அவள் உட்கார ஒரு சாக்கை எடுத்து விரித்துப் போட்டதாகப் பாய் சொன்னார்.

அவர் பிரித்து வாசித்தார். இவ்விடம் நலம். மண்டி எரிந்துவிட்டது. ஆற்று மணல். மச்சானைக் காணவில்லை என்ற இடத்தில் குரல் நின்றது. கடைசி வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, "அவ்வளவுதான் தாயி" என்று தாளை மடிக்கப் போனார்.

என் மனைவி அந்நிய ஆண்கள் முன்னால் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று பேசினாள்.

"மடிக்காதீங்கண்ணே. ஓரத்தைப் பாருங்க."

"ஓரம்தான் கறுப்பா இருக்கே தங்கச்சி."

"அந்தக் கறுப்பு மேலேயே பாருங்க. அவுங்க சொல்ல வேண்டியதை ஓரத்துலதான் எழுதுவாங்க."

பாய் விரலால் தடவினார். விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். "மை இல்ல தாயி, இது கரி! பூண்டு தீஞ்ச வாசம்ல வருது!" தோளிலிருந்த துண்டின் நுனியால் கரியை மெல்லத் தட்டினார். ஏதோ கோடுகள் தெரிந்தன, எழுத்து கூடவில்லை. விரலை டீயில் தொட்டு ஓரத்தில் ஒற்றினார். ஈரம் பட்ட இடத்தில் என் காப்பிங் பென்சில் ஊதாவாக எழும்பியது. ஒவ்வொரு எழுத்தாக ஒற்றி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மச். சான். வந். து. விட். டார்.

"இன்னொருக்கப் படிங்க" என்றாள் அக்கா.

படித்தார்.

"இன்னொருக்க."

நாலு முறை படித்தாராம். நாலாவது முறை, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்ற இடம் வந்ததும் அக்கா சாக்கை விட்டு எழுந்தாள்.

"கஞ்சி குடிக்குறாராமா? இங்க எங்க உசிரு போயிட்டு வந்திருக்கு, அங்க ஒக்காந்து கஞ்சி குடிக்குறாராமா? வரட்டும் அந்த மனுசன்!" என்று கத்திக்கொண்டே என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் என் மனைவியும் அழுதாள். முதல்நாள் மத்தியானம் அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதாள். பாய் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, இந்த முறை கடைக்குள்ளேயே உட்கார வைத்தார்.

ஒரு மாதம் கழித்து நாங்கள் ஊருக்கு வந்தோம். அக்கா மச்சானை வாசலிலேயே நிறுத்தி, அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தக் கரி யாரு வேலை?"

மச்சான் என்னைப் பார்த்தார். "என் கைதான். என் பேரு இருக்கான்னு பாத்தேன்."

"பேரைப் பாத்தாராம் பேரை! படிக்கத் தெரியாத மனுசனுக்குப் பேரு ஒரு கேடா?" என்று திட்டிவிட்டு, அவர் கையை இழுத்து, விரல்களைக் கடிதத்தின் ஓரத்தில் இருந்த தடங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பெருவிரல் சரியாகப் பொருந்தியது. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத அந்தக் கடிதத்தை, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தனியாக இருக்கும்போது நான் என் மனைவியிடம் கேட்டேன். "என் எழுத்துன்னு தெரிஞ்சதும் ஒனக்கு என்ன தோணுச்சு?"

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "மதினி குடுத்த கெழங்குதான் தொண்டையை விட்டு எறங்கவே இல்ல" என்றாள்.

நான் மூட்டை தூக்கும் மனிதர்களோடு வாழ்ந்தவன். தீக்குள் போய் ஆறு மாடுகளை அவிழ்த்துவந்த ஆளை எனக்குத் தெரியும். அவருடைய தைரியத்தை ஊரே பேசுகிறது. ஆனால் அந்தக் கிழங்கை வாங்கித் தின்றுகொண்டு, சரி மதினி, சரி மதினி என்று அரைநாள் நடந்ததை யாரும் பேசுவதில்லை. என்னால் அதைச் செய்திருக்க முடியாது. என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்த வருடம் மறுபடி மதுரைக்குப் போனபோது நான் பாடம் கற்றிருந்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, முதல் வரியிலேயே "மச்சானும் நானும் சுகம்" என்று பெரிதாக எழுதினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் நடுவிலேயே எழுதி, நாலு ஓரத்தையும் வெள்ளையாக விட்டு அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. வாத்தியார் எழுதிக் கொடுத்த கடிதம். ஊர் சேதியெல்லாம் சொல்லி முடித்தபின், கடைசியில் அவர் சொந்தமாக ஒன்று சேர்த்திருந்தார். உன் கடிதத்தை முழுக்க வாசித்த பிறகும் உன் மனைவி நகரவில்லை, தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல ஒண்ணும் இல்லையா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் என்று.

அன்றே இன்னொரு இன்லண்டு வாங்கினேன். நடுவில் இரண்டு வரி எழுதினேன். பிறகு தாளைத் திருப்பினேன்.